காரையாற்றிலிருந்து வந்த மறுநாள் அம்மாவுக்கு முட்டு வீங்கியது: வீட்டில் நாங்கள் பார்த்த பக்குவம்

வணக்கம். எங்கள் ஊர் முக்கூடல். அம்மாவுக்கு வயது 66. நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். சொளகை மடியில் வைத்துக் காலை மடக்கி உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதானே கூலி, நடுவில் எழுந்து நடந்தால் அன்றைய எண்ணிக்கை குறையும். இரண்டு முழங்கால் முட்டிலும் தேய்மானம் என்று ஐந்து வருஷம் முன்பே எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். வலி இருக்கும், ஆனாலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார்.

போன வருஷம் ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனோம். இரண்டு ராத்திரி குடிலில் தங்கல். தரையில் படுக்கை, பாறையில் ஏறி இறங்கி ஆற்றுக் குளியல், குத்தவைத்து அடுப்பு வேலை. நாங்கள் சொல்லியும் அம்மா கேட்கவில்லை. திரும்பி வந்த மறுநாள் காலை பாயிலிருந்து எழ முடியவில்லை. வலது முட்டு உப்பிப் போய்ச் சில்லே தெரியவில்லை. கையை வைத்தால் இடது முட்டைவிட வெதுவெதுப்பாக இருந்தது. நீட்டினாலும் வலி, மடக்கினாலும் வலி.

அன்று நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், மற்றவர்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காக. நொச்சி இலையை வதக்கிச் சூடாக ஒத்தடம் கொடுத்தோம். பக்கத்து வீட்டு அத்தை பாசத்தோடு வந்து விளக்கெண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிட்டார். முட்டுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்து, ராத்திரி முழுக்க மடக்கியபடியே படுக்க வைத்தோம். விடியும்போது வீக்கம் கூடியிருந்தது. காலை நேராக்கவே முடியவில்லை. "ஏட்டி, காலை வெட்டி எடுத்துரு" என்று அம்மா அழுததைக் கேட்டு எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். டாக்டர் முதலில் முட்டைத் தொடவில்லை, கேள்விதான் கேட்டார். காய்ச்சல் உண்டா, விழுந்தார்களா, சர்க்கரை உண்டா, ஊன்றி நிற்க முடிகிறதா. கெண்டைக்காலையும் அமுக்கிப் பார்த்தார். எல்லாம் பார்த்த பிறகுதான், இது தேய்ந்த முட்டு அதிக வேலையால் கோபித்துக்கொண்டது, வீட்டிலேயே பார்க்கலாம் என்றார். அவர் விளக்கியது எனக்குப் புதிது. மூட்டுக்குள் இருக்கிற சவ்வு எரிச்சலடைந்து நீரை அதிகமாகச் சுரக்கிறது. அந்த நேரத்தில் சூடு கொடுத்தால் ரத்த ஓட்டம் கூடி வீக்கமும் ஏறும். நீர் சேர்ந்த முட்டில் தொடைச் சதை தானாகவே சோர்ந்துவிடும், நடக்கும்போது முட்டு சட்டென்று மடங்குவது அதனால்தானாம்.

அதனால் குளிர் ஒத்தடம். பால் பாக்கெட் கவரில் தண்ணீர் ஊற்றிக் கட்டிப் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் உறைய வைத்தோம். அதை ஈரத் துண்டில் சுற்றி முட்டின் மேல் 15 நிமிஷம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது, தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். இரண்டாம் நாள் சாயங்காலமே சூடு இறங்கியது. படுக்கும்போது தலையணையைக் குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் வைத்து, முட்டு நேராக இருக்கும்படி காலை உயர்த்தினோம். வலிக்குப் பாரசிட்டமால் 650, டாக்டர் சொன்னபடி ஒரு நாளைக்கு மூன்று. மேலே டைக்ளோபினாக் ஜெல் தடவினோம், தேய்க்காமல்.

இதில் பெரிய போராட்டம் பாய்தான். அம்மா பத்தமடைப் பாயில் படுத்தே பழகியவர். தரையிலிருந்து எழும்போதுதான் முட்டு முழுதாக மடங்கிப் பாரம் தாங்குகிறது. அவரைக் கட்டிலுக்கு மாற்றவே ஒரு நாள் ஆனது. கக்கூஸுக்கு நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினோம். மருந்தைவிட அதுதான் உதவியது என்று இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாம் நாளிலிருந்து அசைவு. அதுவரை எழவே விடாமல் தாங்கித் தாங்கிப் பார்த்தோம், அதுவும் சரியில்லை என்றார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் தொடங்கியது) வீட்டுக்கு வந்த பிசியோதெரபி தங்கச்சி சொல்லிக்கொடுத்தார். துண்டைச் சுருட்டி முட்டுக்கு அடியில் வைத்து, அதை முட்டால் அமுக்கி ஐந்து எண்ண வேண்டும். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அது முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். பாதத்தை மேலும் கீழும் ஆட்டலாம். வலி குறைந்த பிறகு, காலை நேராக வைத்தபடியே ஒரு ஜாண் தூக்கி நிறுத்துவது. ஊன்றுகோல் இடது கையில், வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கம். நான் அதுவரை வலது கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் தனியாக வாசல் வரை வந்தார். பழையபடி நடக்க மூன்று வாரம் ஆனது. உங்கள் வீட்டில் எப்படிப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

* * *

ஆலங்குளத்திலிருந்து:

அக்கா, என் மாமியாருக்கும் இதே கதை. நாங்கள் டாக்டரிடம் போகாமல் ஒரு மருந்துக் கடையில் வலி என்று சொல்லி மாத்திரை வாங்கினோம். கலர் கலராக மூன்று. முதல் நாளே வலி பறந்துவிட்டது, அதனால் பத்து நாள் வாங்கினோம். அத்தைக்கு பிரஷர் மாத்திரை உண்டு என்று நாங்களும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இரண்டு பாதமும் வீங்கி, பிரஷர் ஏறி, சிறுநீர் குறைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரஷர், கிட்னி, வயிற்றுப்புண் உள்ளவர்கள் வலி மாத்திரையைத் தாங்களாக வாங்கித் தின்னவே கூடாது என்று அங்கே சொன்னார்கள். பாரசிட்டமாலும் அளவு மீறினால் ஈரலுக்குக் கெடுதல். சளி மாத்திரையிலும் அது இருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

* * *

சேரன்மகாதேவியிலிருந்து:

இதை எழுதும்போதே மனசு கனக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை. முட்டு வீங்கியதும் தேய்மானம்தான் என்று நாங்களே முடிவு செய்து ஐஸ் வைத்தோம். உடம்பு லேசாகக் கொதித்தது, வலியால் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் முட்டு சிவந்து, விரல் பட்டாலே அலறினார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஊசியால் நீரை எடுத்தால் சீழ். மூட்டுக்குள் கிருமி. அதைக் கழுவி, நரம்பு வழியாக மருந்து ஏற்றி, வாரக்கணக்கில் பெட்டில் இருந்தார். மூட்டில் சீழ் பிடித்தால் குருத்தெலும்பு சில நாளிலேயே அரித்துப்போகுமாம். இப்போது நடக்கிறார், ஆனால் முட்டு முழுதாக மடங்குவதில்லை. காய்ச்சலோடு முட்டு வீங்கினால் தயவுசெய்து ஒரு ராத்திரிகூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். சர்க்கரைக்காரர்கள் என்றால் இன்னும் கவனம்.

* * *

அம்பாசமுத்திரத்திலிருந்து:

எனக்கு வயது 48. எங்கள் கோயில் கொடையில் மூன்று நாள் கிடாக்கறி. நாலாம் நாள் நடுராத்திரி இடது முட்டு, போர்வை படக்கூடத் தாங்கவில்லை. யூரிக் ஆசிட் உப்பு மூட்டில் படிந்து வருகிற வலியாம். அதற்கு முந்திய வருஷம் கால் பெருவிரலில் இதே மாதிரி வந்து தானாகப் போயிருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் சரியாகக்கூடக் காட்டலாம், மூட்டு நீரைப் பார்த்துத்தான் எனக்கு உறுதி செய்தார்கள். திடீரென்று ராத்திரியில் வந்த வலி என்றால் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு சந்தேகம், நொச்சி ஒத்தடமே கூடாதா? எங்கள் ஆச்சி காலத்திலிருந்து செய்கிறோமே.

* * *

முக்கூடலிலிருந்து மறுபடியும்:

அண்ணாச்சி, நொச்சியை அம்மா விடவில்லை. வீங்கிச் சுடுகிற நாட்களில்தான் சூடு வேண்டாம். வீக்கம் முழுக்க வடிந்த பிறகு, காலையில் முட்டு இறுகிப் போயிருக்கும்போது இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கிறது. ஜெல் தடவிய இடத்தில் மட்டும் சூடு வைப்பதில்லை.

சேரன்மகாதேவி அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த நிமிஷமே வீட்டில் தெர்மாமீட்டர் எங்கே என்று கேட்டார். இல்லை. இன்று வாங்கிவிட்டேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீடி சுற்றுவதை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு வசதியில்லை. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஸ்டூலில் சொளகை வைத்துச் சுற்றுகிறார். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து அடுப்படி வரை நடை. முன்பு ஒரு நாளைக்கு 700 பீடி வரும், இப்போது 450. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று அந்தத் தங்கச்சி சொன்னதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். மச்சுக்கு வற்றல் காயப்போடப் போகிறபோது "ஏற நல்லது, இறங்க நோவு" என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டே போவது கீழே எனக்குக் கேட்கும்.