மறு: சக்திச் சமபங்கீடா, சமப்பகிர்வா?

வணக்கம். வெப்பச் சமநிலையில் மூலக்கூறுகளின் அசைவுகளுக்கிடையே சக்தி சராசரியில் சமமாகப் பிரிவதை ஆங்கிலத்தில் ‘equipartition of energy’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘சமபங்கீடு’ என்றே முடித்துவிடலாம் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். போன கிழமை அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன், “பங்கிடுறது ஆர் சேர்?” என்றான்.

வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி சரியானது. பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்ற சனம் நாங்கள். பங்கீடு என்றால் அளந்து கொடுக்க ஓர் ஆள் நிற்க வேண்டும். வாயுவுக்குள் அப்படி ஒருவரும் இல்லை. மூலக்கூறுகள் முட்டி மோதித் தங்களுக்குள் மாற்றிக்கொள்கின்றன. சமம் வருவதும் சராசரியில்தான். அதனால் என் வாக்கு ‘சக்திச் சமப்பகிர்வு’க்கு. (சக்தியா ஆற்றலா என்பது வேறு சண்டை, இன்றைக்கு வேண்டாம்.)

அப்புறம், பகிர்வு எவற்றுக்கிடையே? பிள்ளைகள் மூலக்கூறுக்கு மூலக்கூறு சமம் என்று நினைக்கிறார்கள். அது பிழை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வாய்க்கால் கணக்கில் பிரித்தால், இரண்டு வாய்க்கால் பாயும் வயலுக்குக் கூடத்தான் கிடைக்கும். இங்கும் பங்கு போவது அசையும் வழிக்கு: ஒவ்வொன்றுக்கும் போல்ட்ஸ்மன் மாறிலியையும் (வெப்பநிலையைச் சக்தியாக மாற்றும் எண்) வெப்பநிலையையும் பெருக்கியதில் அரைவாசி. தனி அணுக்களாலான ஆகன் வாயுவுக்குப் பெயர்ச்சி வழி (இடம்விட்டு இடம் நகர்வது) மூன்று மட்டுமே. ஒரு மூல் (mole) ஆகனை ஒரு கெல்வின் சூடாக்க, கனவளவு மாறாதபோது, 12.5 யூல் வேண்டும். ஈரணு மூலக்கூறான நைதரசனுக்குச் சுழற்சி வழி இரண்டு கூட, ஆகவே 20.8. இதற்காகத்தான் ‘சுயாதீனப் படி’யை (degree of freedom) விட்டு ‘இயங்குவழி’ என்று சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு இடத்தில் என் சொல்லும் தள்ளாடுகிறது. அதிர்வு பார்வைக்கு ஒரு வழி. ஆனால் இயக்கசக்திக்கு ஒன்று, அழுத்தசக்திக்கு (potential energy) ஒன்று என இரண்டு பங்கு கேட்கும். அதையும் சேர்த்தால் நைதரசனுக்கு 29.1 வரவேண்டும். அறை வெப்பநிலையில் வருவதில்லை. பௌதிகவியலாளர் மக்ஸ்வெல்லையே தொல்லைப்படுத்திய முரண் இது. விடை, அதிர்வுச் சக்தி படிபடியாகத்தான் ஏறும் என்ற குவாண்டம் கொள்கையோடுதான் வந்தது: நைதரசன் அதிர்வின் முதல் படிக்கு ஏறுவதற்கான சக்தி, வெப்பநிலையாகச் சொன்னால் ஏறத்தாழ 3,400 கெல்வின், எங்கள் அறையோ 300. துருசு (மதகு) பூட்டின வாய்க்கால்தான்.

அதிர்வின் அந்த இரண்டு பங்கையும் ‘இயங்குவழி’க்குள் எப்படி அடக்குவது? யோசனை இருந்தால் திங்களுக்கு முதல் எழுதுங்கள். அந்தப் பெடியன் விடமாட்டான்.