விரைவுருட்டலா, சுக்கானா?

மண்டபத்திலிருந்து:

வணக்கம். மீன் பெயர்ச் செயலியின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒரு சொல்தான் பாக்கி. முதலெழுத்து வாரியாகப் பிரித்த நீளப் பட்டியல். வலது ஓரத்துப் பிடியை அழுத்தி இழுத்தால் ஊளி, கணவாய், திருக்கை எல்லாம் தாண்டி ஒரே இழுப்பில் விளைமீனுக்குப் போய்விடலாம். போகும்போது எந்த எழுத்தில் இருக்கிறோம் என்று பக்கத்தில் தெரியும். ஆண்ட்ராய்டுக்காரர்கள் ஃபாஸ்ட் ஸ்க்ரோல் என்கிறார்கள். 'தாவல்' பொருந்தும், ஆனால் அதை உலாவியில் டேப்புக்குக் கொடுத்தாயிற்று.

கீழக்கரையிலிருந்து, தமிழாசிரியர்:

'விரைவுருட்டல்' எனலாம். உருள் என்ற வேரிலிருந்துதான் உருளை, உருண்டை, உருட்டு எல்லாம். உருள் என்றால் சக்கரமும்தான். குறளின் 'உருள்பெருந்தேர்' நினைவிருக்கும். சுருள், சுழல், உழல் ஆகியவற்றையும் இதனோடு வைத்துப் பார்த்தால் வட்டமாக இயங்குவதற்கான ஒரே ஒலிக்குடும்பமோ என்று தோன்றும். தனியே எழுதுகிறேன்.

பாம்பனிலிருந்து:

ஐயா, வேர் சரி. ஆனால் இன்றைக்குப் பையன்கள் வாயில் 'உருட்டு' என்றால் பொய் அளப்பது. உதவிப் பக்கத்தில் "விரைவாக உருட்டவும்" என்று படித்தால் சிரிப்பார்கள். எங்கள் ஆட்கள் கையில் பிடிப்பது சுக்கான். அந்தப் பிடிக்கு அதையே வைத்தால் விளக்கமே வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து:

தம்பி, சுக்கான் அரபுச் சொல். அதைவிட, சுக்கான் படகின் திசையைத் திருப்பும், தூரத்தைக் குறைக்காது. பொருளே பொருந்தவில்லை.

தொண்டியிலிருந்து:

அரபு என்பதற்காகத் தள்ளினால் இந்தக் கரையில் பாதிச் சொல்லைக் கடலில் போட வேண்டும். ஆனால் திசை பற்றி ஐயா சொன்னது நியாயம்.

சொல்லைவிட எனக்குக் கவலை ஓரத்து எழுத்துகள். 247-ஐயும் அடுக்க வேண்டாம், மொழிமுதல் எழுத்துகள், அதாவது சொல்லின் தொடக்கத்தில் வரக்கூடியவை, போதும். ழ, ள, ற, ன எந்தச் சொல்லுக்கும் முதலில் வராது. பெயரின் முதல் குறியை மட்டும், அதாவது கொம்பு, கால் சேராத எழுத்தை, எடுத்தால் கி, கொ எல்லாம் தானாகக் க-வில் விழும். அப்புறம் வரிசை. யூனிகோடு எண்படி, அதாவது கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் கொடுத்த எண்படி, அடுக்கினால் ன போய் ந-வுக்கு அடுத்து நிற்கும், ழ போய் வ-வுக்கு முன்னால் நிற்கும். அகராதி வரிசையில் தேடிப் பழகியவருக்குப் பிரிவுக்குள்ளே பெயர் கிடைக்காது. எந்தப் பிரிவு எத்தனையாவது வரியில் தொடங்குகிறது, எந்த வரி எந்தப் பிரிவில் இருக்கிறது என்ற இரண்டு கணக்கையும் அந்த வரிசையை வைத்துத்தான் செயலி போடுகிறது. இறாலை எங்கே வைப்பீர்கள்? எழுதும்போது இ, கரையில் எல்லார் வாயிலும் ரால். இரண்டு இடத்திலும் வையுங்கள். தொல்காப்பியர் ரகரத்தை முதலில் விடமாட்டார், ஆனால் தேடுகிறவருக்கு ரால் கிடைக்க வேண்டும்.

கீழக்கரையிலிருந்து:

'ரால்' என்று அச்சில் ஏற்றுவதை நான் ஒப்பவில்லை. 'இறால்' என்ற தலைப்புக்கு அனுப்பும் வெறும் சுட்டியாக இருந்தால் சரி.

மண்டபத்திலிருந்து:

செயலுக்கு ஐயா சொன்ன 'விரைவுருட்டல்', அதையே போடுகிறேன். பிடிக்குப் 'பிடி'. உதவி வரி: "ஓரத்துப் பிடியை இழுத்து வேண்டிய எழுத்துக்குப் போகலாம்." வரிசையை அகராதி முறைக்கு மாற்றச் சொல்லி நிரலாளருக்கு எழுதிவிட்டேன். ரால் சுட்டியாக வரும்.

பாம்பனிலிருந்து:

அனுப்புங்கள் அக்கா. ஆனால் என் வாக்கு சுக்கானுக்குத்தான் என்று குறித்து வையுங்கள். அடுத்த பதிப்பில் திரும்பக் கேட்பேன்.