பாட்டியின் மருந்து டப்பாவில் இருந்த மாத்திரை

கிக்பாக்சிங்கில் ஊக்கமருந்து என்றாலே, ஊசி போட்டு உடம்பை ஏற்றிக்கொண்டவர்களைப் பற்றித்தான் பலரும் பேசுகிறோம். 2018 மார்ச்சில் ரோட்டர்டாமில் பதர் ஹாரியும் ஹெஸ்டி கெர்கெசும் மோதிய சண்டையில், இருவரின் மாதிரியிலுமே தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததால் முடிவு செல்லாததாக்கப்பட்டதையும், ஹாரி 19 மாதங்கள் விலக்கி வைக்கப்பட்டதையும் நம்மில் பலர் அறிவோம். என் பயிற்சிக்கூடத்தில் நடந்தது அவ்வளவு பெரிய மேடையில் நடந்ததல்ல. சம்பந்தப்பட்ட பையனிடம் கேட்டுவிட்டே, அவன் பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன்.

தேசியப் போட்டியில் அவனுக்கு 63.5 கிலோ பிரிவு. எடை பார்ப்பதற்கு முந்தைய இரவு 64.9 கிலோ இருந்தான். வழக்கம்போல மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு கயிறு தாண்டச் சொன்னேன். தண்ணீரைக் குறைக்கவும் சொன்னேன். காலையில் தராசு 63.3 காட்டியது. ஒரே இரவில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எப்படி இறங்கியது என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். எடை சரியாகிவிட்ட நிம்மதியில் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேனே தவிர, கேட்கவில்லை. இறுதிச் சண்டையின் மூன்றாவது சுற்றில் அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டபோதுகூட எனக்குச் சந்தேகம் எழவில்லை.

வெள்ளிப் பதக்கத்தோடு வந்தவனிடம் ஊக்கமருந்துச் சோதனைக்கான அறிவிப்புப் படிவத்தைச் சோதனைக் குழுவைச் சேர்ந்த ஒருவர் நீட்டினார். அந்த நொடியிலிருந்து மாதிரி கொடுத்து முடிக்கும்வரை அவர் பார்வையிலிருந்து அவன் விலகக்கூடாது. குறைந்தது 90 மில்லி சிறுநீர் வேண்டும். உடம்பிலோ நீரே இல்லை. சீல் உடைக்காத தண்ணீர்ப் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டு இரண்டரை மணி நேரம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவனே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து, ஏ, பி என்ற இரண்டு குப்பிகளிலும் ஊற்றி, மூடிகளைத் திருகினான். அந்த மூடி திருகத் திருக டிக், டிக்கென்று ஒலிக்கும். பூட்டிவிட்டால் ஆய்வகத்தில்தான் திறக்க முடியும். கடந்த 7 நாட்களில் உட்கொண்ட மருந்துகளையும் ஊட்டப்பொருட்களையும் எழுதச் சொன்ன இடத்தில், புரோட்டீன் பவுடரின் பெயரை மட்டும் எழுதினான். அவன் சார்பில் உடனிருந்தவனாக நானும் அதில் கையெழுத்திட்டேன்.

சில வாரங்கள் கழித்து வந்த கடிதத்தில் ஃபுரோசமைடு என்றிருந்தது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “பாட்டி கால் வீக்கத்துக்குப் போடுற நீர் மாத்திரைதான் மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு. அது எப்படி ஊக்கமருந்தாகும்?” என்றான். அவன் நடிக்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

இங்கேதான் நாம் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். நீர் மாத்திரை பலம் எதையும் கூட்டாது. ஆனால் எடையைச் செயற்கையாக இறக்கும். சிறுநீரை நீர்த்துப்போகச் செய்து வேறு மருந்துகளின் தடயத்தையும் மறைக்கும். அதனால்தான் போட்டி நாளில் மட்டுமின்றி எந்நாளும் அது தடைப் பட்டியலில் இருக்கிறது. சிறுநீரோடு பொட்டாசியமும் வெளியேறுவதால் தசை பிடித்துக்கொள்ளும், இதயத் துடிப்பே தடுமாறலாம். அன்று கெண்டைக்காலோடு போயிற்றே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

விசாரணையில் பாட்டியின் மருந்துச் சீட்டைக் கொடுத்தோம். மாத்திரை எங்கிருந்து வந்தது என்பதை அது விளக்கியதே தவிர, அவனைக் காப்பாற்றவில்லை. உடம்பில் இருப்பதற்கு வீரனே பொறுப்பு என்பதுதான் விதியின் அடிப்படை. கிக்பாக்சிங்கின் சர்வதேச அமைப்பான வாக்கோவும் (WAKO) உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பை ஏற்ற அமைப்பு என்பதால், எங்கள் விளையாட்டுக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. 2 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கத்தையும் திருப்பிக் கொடுத்தோம்.

தடை என்றால் போட்டியிட முடியாது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். சங்கத்தில் பதிவுபெற்ற கூடத்தில் பயிற்சி எடுக்கவும் கூடாது. 2 ஆண்டுத் தடையில் கடைசி 2 மாதங்களுக்குத்தான் அந்த அனுமதி உண்டு. பன்னிரண்டு வயதிலிருந்து என்னிடம் வந்துகொண்டிருந்தவனிடம் வாசலிலேயே அதைச் சொல்ல வேண்டியிருந்தது. 22 மாதங்கள் அவன் தனியாகத்தான் ஓடினான்.

இப்போது போட்டிக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவரிடமும் வீட்டில் யார் யார் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்கிறேன். இருமல் மருந்தானாலும் அட்டையில் இருக்கும் மூலப்பெயரைப் பட்டியலோடு ஒப்பிடுகிறோம். பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் மாறுவதால் பழைய அச்சுப்பிரதியை நம்புவதில்லை. கயிறும் மழைச்சட்டையும் கொண்டு கடைசி இரவில் எடை இறக்குவதை அடியோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பையன் திரும்பி வந்து, இப்போது 67 கிலோவில் ஆடுகிறான். எடை பார்க்கும் நாளன்று காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் தராசில் ஏறுகிறான்.