உதவி: படிகம் இருக்கு, டேட்டா இருக்கு, ஸ்ட்ரக்சர் மட்டும் வர மாட்டேங்குது

கேள்வி:
வணக்கம். போஸ்ட்டாக் இரண்டாம் வருஷம். அசினெட்டோபாக்டர் பௌமானி பாக்டீரியாவின் உள்சவ்வு டிரான்ஸ்போர்ட்டர் (சவ்வு வழியா பொருளைக் கடத்தற புரதம்) ஒண்ணு, எடை 45 கிலோடால்டன், அதோட ஸ்ட்ரக்சர் வேணும். ஈ.கோலையில் எக்ஸ்பிரஸ் பண்ணி, 6-ஹிஸ் டேக் (நிக்கலில் ஒட்டறதுக்கான ஆறு ஹிஸ்டிடின்), டிடிஎம் (சவ்விலிருந்து புரதத்தைக் கரைக்கற டிடர்ஜென்ட்), நிக்கல் காலம், ஜெல் ஃபில்ட்ரேஷன் (அளவு வாரியா பிரிக்கறது). எட்டு மாசப் போராட்டத்துக்கு அப்புறம் பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) போட்ட சொட்டில் படிகம் வந்தது. சிங்க்ரோட்ரான் எக்ஸ்-கதிரில் 4 ஆங்ஸ்ட்ராம் வரை டேட்டா கிடைச்சது. ஸ்பேஸ் குரூப் (படிகத்தோட சமச்சீர் வகை) ஆர்32. செல் (படிகத்தில் திரும்பத் திரும்ப வர்ற அலகு) அளவு ஏ, பி 145, சி 516 ஆங்ஸ்ட்ராம். ஆல்ஃபாஃபோல்டு கணிச்ச மாடலை வச்சு, அதை டேட்டாவில் பொருத்திப் பார்க்கற ஃபேசர் புரோகிராமில் 3, 4, 5 காப்பி தேடியாச்சு. டிஎஃப்இசட் (பொருத்தத்துக்கான மதிப்பெண், கூடினா நல்லது) 5-ஐத் தாண்டவே இல்லை. எங்க தப்பு?

பதில் 1:
மாடலில் நம்பிக்கை குறைஞ்ச லூப்களை வெட்டிட்டீங்களா? டிரான்ஸ்போர்ட்டர்னா உள்நோக்கி, வெளிநோக்கின்னு ரெண்டு நிலை உண்டு. டொமைன் டொமைனா பிரிச்சுத் தேடுங்க.

கேட்டவர்:
ரெண்டுமே பண்ணிட்டேங்க. அதே கதைதான்.

பதில் 2:
ஆர்32, 145, 516. இந்த எண்களைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்குது. இது அக்ஆர்பி மாதிரி இருக்கு. ஈ.கோலையோட சொந்த மருந்து வெளியேற்றும் பம்ப். வால் முனையில் ஹிஸ்டிடின்கள் நெருக்கமா இருக்கறதால டேக் இல்லாமலே நிக்கலில் ஒட்டும். துளியூண்டு இருந்தாலும் படிகமாகிடும். சவ்வுப் புரதம் பண்றவங்க நிறைய பேர் இதில் விழுந்திருக்காங்க. ஜெல்லில் 110 கிலோடால்டன் பக்கம் மங்கலா ஒரு பேண்ட் உண்டா? ஜெல் ஃபில்ட்ரேஷனில் உங்க பீக்குக்கு முன்னாடி ஒரு தோள்?

கேட்டவர்:
தோள் இருக்கு. புரதம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டின திரட்சின்னு நினைச்சு விட்டுட்டேன்.

பதில் 2:
மிச்சப் படிகங்களை ரிசர்வாயர் கரைசலில் மூணு தடவை கழுவி, கரைச்சு, ஜெல்லில் ஓட்டி சில்வர் ஸ்டெயின் போடுங்க. கழுவாம போட்டா சொட்டில் மிதக்கற உங்க புரதமும் சேர்ந்து வந்து குழப்பும். டேட்டாவை சிம்பாட் புரோகிராமில் ஓட்டுங்க. செல் அளவை வச்சே தேடும்.

கேட்டவர் (நாலு நாள் கழிச்சு):
அக்ஆர்பியேதான். ஜெல்லில் 110-க்கு மேல ஒரே பேண்ட், 45-ல் ஒண்ணுமே இல்லை. அதோட மாடலை வச்சு ஒரே காப்பி தேடினேன், டிஎஃப்இசட் 30-ஐத் தாண்டிருச்சு. மருந்து எதிர்ப்பு பம்ப்பைத் தேடிப் போனவனுக்கு வீட்டுக்காரன் பம்ப் கிடைச்சிருக்கு. சிரிக்கறதா அழறதான்னு தெரியலை.

பதில் 1:
அடடா, நான் சுத்த விட்டுட்டேன், மன்னிக்கணும்.

பதில் 2:
அக்ஆர்பி ஜீனை நீக்கின ஈ.கோலை ஸ்ட்ரெயினுக்கு மாறுங்க, அதுதான் வேரோட பிடுங்கற வழி. கூடவே டேக்கை 10-ஹிஸ் ஆக்கினா இமிடசோல் (நிக்கலில் ஒட்டினதை இறக்கற பொருள்) கூட்டிக் கழுவலாம், உங்க புரதம் இறங்காது. தோளோட ஃபிராக்ஷன்களை மட்டும் சேர்க்காதீங்க.

கேட்டவர்:
ஸ்ட்ரெயின் பக்கத்து லேபிலேயே இருக்காம். திங்கட்கிழமை டிரான்ஸ்ஃபார்ம் பண்றேன்.