பியானோவில் 'சென்சா சோர்தினோ' என்றால் எதை அகற்ற வேண்டும்?

கேள்வி:
வணக்கம். பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவைப் பயின்று வருகிறேன். முதல் பகுதியின் தலைப்பிலேயே முழுவதையும் மிக மென்மையாக, 'சென்சா சோர்தினோ' (சோர்தினோ இல்லாமல்) வாசிக்கும்படி இத்தாலியக் குறிப்பு இருக்கிறது. வயலினில் சோர்தினோ என்றால் பிரிட்ஜின் மேல் செருகும் மியூட் என்று அறிவேன். பியானோவில் எதை அகற்றச் சொல்கிறார்?

மறுமொழி 1:
இங்கே அச்சொல் தந்திகளின் மேல் படிந்து ஒலியை நிறுத்தும் டேம்பர்களைக் குறிக்கிறது. அவற்றை உயர்த்துவது வலது பெடல் என்பதால், பெடலை மிதித்தே வாசிக்க வேண்டும் என்பது பொருள். ஆனால் இச்சொனாட்டா எழுதப்பட்ட 1801-ஆம் ஆண்டின் பியானோக்களில் ஒலி விரைவில் தேய்ந்துவிடும். இன்றைய கருவியில் மிதித்த காலை எடுக்காமலிருந்தால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். ஆகவே பாஸ் (அடி) சுரம் மாறும் இடந்தோறும் பெடலை விட்டு மீண்டும் மிதியுங்கள், அல்லது பாதியளவே மிதியுங்கள். எனக்குப் பின்னதே பிடிக்கும்.

மறுமொழி 2:
இதை 'ஊனா கோர்தா'வுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது ஒலியை மென்மையாக்கும் இடது பெடல்.

மறுமொழி 3:
இத்தாலிய அகராதி மட்டும் போதாது, நண்பரே. பீத்தோவனே 1816-இல் முடித்த ஓபஸ் 101 சொனாட்டாவில் ஜெர்மன் குறிப்புகளையும் எழுதினார். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியிடம் பிரெஞ்சுக் குறிப்புகள் ஏராளம். ஜெர்மன் 'டெம்ஃபர்' என்ற சொல்லும் வயலின் மியூட், பியானோ டேம்பர் இரண்டையும் குறிக்கும் என்பதால், எந்தக் கருவிக்கான வரி என்பதை முதலில் பாருங்கள்.