சிபி (பெருமூளை வாதம்) உள்ள பிள்ளையை ரெண்டு நாள் பாத்துக்கொள்ள அரசாங்க உதவி ஏதும் இருக்கோ?

இரணைமடுத்தண்ணி:
எல்லாருக்கும் வணக்கம். என்ர மகனுக்கு 12 வயசு, பிறந்ததில இருந்து சிபி, தானா இருக்கமாட்டான், சோறு குழைச்சுத் தீத்தோணும், வலிப்புக் குளிசை நேரத்துக்குக் குடுக்கோணும். முந்தி இடுப்பில வச்சுக்கொண்டே கிணத்தடிக்குப் போவன், இப்ப வளந்திட்டான், கட்டில்ல இருந்து கதிரைக்கு மாத்தவே நாரி விட்டுப்போகுது. எனக்கு வவுனியாவில ஸ்கேன் எடுக்கச் சொல்லி கனகாலம், பிள்ளையை ஆரிட்ட விட்டிட்டுப் போறது, அம்மாவுக்கும் ஏலாது. மாசம் வாற மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 10,000 ரூவா பம்பசோடயும் மருந்தோடயும் சரி. காசைக் கூட்டச் சொல்லேல்லை, பழக்கமான ஒராள் வந்து பாக்க அரசாங்கம் சம்பளம் குடுக்கிற ஒழுங்கு இருக்கோ?

ஏ9காரன்:
அக்கா, நேரா அப்பிடி ஒண்டும் இல்லை. அந்தக் கொடுப்பனவு முந்தி 5,000, பிறகு 7,500, 2025 பட்ஜெட்டில 10,000 ஆச்சு, எல்லாம் பிள்ளையின்ர பேரிலதான், பாக்கிற ஆளின்ர நேரத்தை ஆரும் கணக்கெடுக்கிறேல்லை. ஆனா இலங்கை 2016ல ஏத்துக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை ஐநா உடன்படிக்கையில, 28ம் உறுப்புரையில, வறுமைப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் பயிற்சி, ஆலோசனை, காசு உதவியோட பாக்கிறவைக்கு இடைக்கிடை ஓய்வு கிடைக்கவும் வழி செய்யோணும் எண்டு கிடக்கு. கேக்க உரிமை இருக்கு, பட்ஜெட்டிலதான் அதுக்கெண்டு காசு ஒதுக்கேல்லை.

லண்டன்மாமி:
பிள்ளை, இங்க இங்கிலாந்தில 2011ல இருந்து கவுன்சில் (உள்ளூராட்சி சபை) பாக்கிறவைக்கு இப்பிடி ஓய்வு குடுக்கோணும் எண்டு விதி. வீட்டுக்கு ஆள் வரும், இல்லாட்டி ஒரு இரவுக்குக் கொண்டுபோய் விடலாம், சிலபேர் காசா வாங்கி தாங்களே ஆள் பிடிக்கினம். அதுக்காக சொர்க்கம் எண்டு நினைக்காதேங்கோ, கவுன்சிலுக்குக் காசு இறுகினா உதிலயும் கை வைப்பாங்கள்.

முறிகண்டியாள்:
என்ர மகளும் இப்பிடித்தான். ஹோமில விடுறதெண்டா நான் சத்தியமா விடன், கதைக்கத் தெரியாத பிள்ளை, என்ன நடந்தாலும் வந்து சொல்லாது. இஞ்ச எத்தினை பெட்டையள் விடியமுன்னம் காமன்ட் பக்டரி பஸ் ஏறுதுகள், அதில கொஞ்சப்பேருக்கு வலிப்பு வந்தா சரிச்சுப் படுக்கவைக்க, புரைக்கேறாமத் தீத்தப் பழக்கி, டிஎஸ் ஒபிசால (பிரதேச செயலகத்தால) நாட்சம்பளம் குடுத்தாலே பெரிய காரியம், ஊருக்குள்ளயே வேலையும் ஆச்சு. உடன கட்டடம் கட்ட வெளிக்கிடாதேங்கோ எண்டும் சொல்லோணும், திறப்புவிழா முடிஞ்சு பூட்டிக்கிடக்கிறது காணும்.

ஏ9காரன்:
சரிதான், ஆனா பழக்கிற ஆக்கள் போதாது அக்கா, பிசியோதெரபி, ஒகுபேஷனல் தெரபி செய்யிற ஆக்கள் எல்லாம் எங்கட பக்கம் வர விரும்பிறேல்லை. அதுக்கும் சேத்துத்தான் காசு கேக்கோணும்.

இரணைமடுத்தண்ணி:
வாற மாசம் எங்கட சங்கக் கூட்டத்துக்கு பிரதேச செயலாளர் வாறாவாம். ஏ9 தம்பி, அந்த 28ம் உறுப்புரையைத் தமிழில இன்பொக்ஸ் பண்ணுங்கோ, பிரின்ட் எடுத்துக் கையில குடுக்கிறன். முறிகண்டி அக்கா, தீத்தேக்க மகளை எந்தக் கதிரையில இருத்துறனீங்கள், என்ரவன் ஒருபக்கமா சரியிறான்?