கிருஷ்ணகிரி அணையில் தூண்டில் போட்டி: யோசனை சொல்லுங்கள்

கேள்வி:
சக்கர நாற்காலிகள் வாங்க நிதி திரட்டுவதற்காக, மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து கலந்துகொள்ளும் தூண்டில் போட்டி ஒன்று நடத்த நினைக்கிறோம். கிருஷ்ணகிரி அணையா, பாரூர் ஏரியா, எது சரிப்படும்? பரிசு தனித்தனியாக வைக்கலாமா?

பாரூர்க்காரன்:
தனித்தனி வேண்டாம் அண்ணா. ஒரு மாற்றுத்திறனாளி, இன்னொருவர் என்று ஜோடி சேர்த்து, இருவர் பிடித்ததையும் ஒன்றாக எடை போடுங்கள். எந்த இடமானாலும் கரைதான் முக்கியம். கல் பாவிய சரிவில் சக்கர நாற்காலி நிற்காது, சமதளமாகப் பார்த்து, சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்துவிடுங்கள். அப்புறம் மீன்வளத் துறையிடம் முதலில் அனுமதி வாங்குங்கள், மீன்பிடிப்பு குத்தகைக்குப் போயிருந்தால் குத்தகைதாரரிடமும் பேச வேண்டும்.

தென்பெண்ணைக் கரை:
எனக்குப் பார்வை கிடையாது, சின்ன வயதிலிருந்து தூண்டில் போடுகிறேன். மீன் கடித்தால் அசையும் மிதவைத் தக்கை தெரியாதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம், தூண்டில் நரம்பை விரலில் பிடித்திருந்தால் ஜிலேபி மீன் கொத்துவது பொடிப்பொடியாகத் தெரியும், பெரிய மீன் என்றால் ஒரே இழுப்பு. கம்பு நுனியில் சின்ன மணி கட்டினாலும் போதும். முள்ளில் புழு கோக்க வேண்டுமானால் பக்கத்தில் ஒருவர் உதவட்டும், ஆனால் என் மீனை நான்தான் இழுப்பேன், அதை விதியாகவே எழுதிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கண்டிப்பாக எழுதுகிறோம் ஐயா. அனுமதி பற்றி இந்த வாரமே விசாரிக்கிறேன். நீங்கள் கட்டாயம் வர வேண்டும்.